மறைமலை நகர் நம்பர்

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. யாராவது "அந்த ரூமுல ஒரு மாதிரியா கீது" என்று ஆரம்பித்தால் எனக்குக் கோபம்தான் வரும். ஏசி பார்த்தீர்களா, எர்த்திங் பார்த்தீர்களா என்று கேட்டு வாயை அடைத்துவிடுவேன். தொழிற்சாலைகளில் இருக்கிற பழைய சர்வர்களைப் பராமரிப்பது என் பிழைப்பு. வீடு தண்டலத்தில். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், மறைமலை நகர் என்று நாளெல்லாம் ஸ்கூட்டரில் அலைச்சல். பெயர் மெர்சி. பெயரில் மட்டும்தான் இரக்கம் என்று என் தம்பி சாம்சன் சொல்வான்.

போன ஆயுத பூஜைக்கு நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போங்கள்.

ஒரகடத்தில் லாரி அச்சுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிற தொழிற்சாலை ஒன்று. பெயர் வேண்டாம். அங்கே பெயிண்ட் லைனை ஓட்டுவது பதினெட்டு வருஷத்துப் பழைய சர்வர். வருஷம் முழுக்க மூன்று ஷிப்டும் ஓடும். பூஜை அன்று மட்டும்தான் அதை அணைப்பார்கள், அன்றுதான் அதன் மேல் கை வைக்க முடியும். ஊரே பொரி கடலை தின்கிற நாளில் எனக்கு மட்டும் வேலை.

வேலை இதுதான். அந்தச் சர்வருக்குள் இன்னொரு குட்டிக் கம்ப்யூட்டர் இருக்கிறது. சர்வீஸ் புராசஸர் என்பார்கள். பெரியதை அணைத்தாலும் இது அணையாது. பிளக்கில் கரண்ட் இருந்தால் போதும், கண்ணை மூடாமல் உட்கார்ந்திருக்கும். பெரியதை எழுப்புவது, அணைப்பது, காய்ச்சலா என்று பார்ப்பது எல்லாம் இதன் பொறுப்பு. இதில் ஒரு மோடத்தை மாட்டி டெலிபோன் லைன் கொடுத்துவிட்டால், பெங்களூரில் இருக்கும் எங்கள் ஆபீஸ்காரர்கள் அங்கிருந்தே உள்ளே வரலாம். இந்தக் காலத்தில் எதற்கு டெலிபோன் என்று கேட்பீர்கள். இத்தனை பழைய மிஷினைக் கம்பெனி நெட்வொர்க்கில் சேர்க்க மாட்டேன் என்று அவர்கள் ஐடி ஆட்கள் ஒற்றைக் காலில் நின்றார்கள். அதனால் மோடம்.

வெளியாள் யாரும் நுழைந்துவிடாமல் இருக்க ஒரு ஏற்பாடு உண்டு. யார் கூப்பிட்டாலும் மோடம் பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டு லைனை வைத்துவிடும். பிறகு தனக்குள் சேமித்து வைத்திருக்கிற நம்பரைத் தானே கூப்பிடும். கரண்ட் போனாலோ கோளாறு வந்தாலோ யாரும் சொல்லாமலே அதே நம்பரைக் கூப்பிடும். அந்த நம்பரைப் பெங்களூர் நம்பராக மாற்ற வேண்டும். அரை மணி நேர வேலை.

மதியம் இரண்டு மணிக்குப் போனேன். கேட்டில் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். சாம்சன் அங்கேதான் மெயின்டனன்ஸில் இருக்கிறான், நான் சொல்லிச் சேர்த்துவிட்ட வேலை. சர்வர் ரூம் வரை என் பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். கையில் ஒரு சுரண்டி.

"எங்கடா போற அதை எடுத்துகினு?"

"டனலுக்குள்ளக்கா. பெயிண்ட் அடை அடையா கீது. ஆரத்திக்கு முன்னாடி சொரண்டி முடிக்கணும்னு சூப்பர்வைசர் சொல்றாரு."

பெயிண்ட் காய்கிற டனல் அது. நாற்பது மீட்டர் நீளம், குனிந்துதான் போக முடியும். மேலே தண்டவாளத்தில் அச்சுகளை மாட்டுகிற ஹேங்கர்கள் தொங்கும். ஒவ்வொன்றும் ஒரு புல்லட் பைக் கனம் இருக்கும். சர்வர் உயிர் பெற்றதும் அது செய்கிற முதல் காரியம், அத்தனை ஹேங்கரையும் ஒரே ஓட்டமாகத் தொடக்க இடத்துக்கு இழுப்பதுதான். அந்த நேரம் உள்ளே ஆள் இருந்தால் என்ன ஆகும் என்று அந்தத் தொழிற்சாலையில் எல்லாருக்கும் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால், இதே ஆயுத பூஜை அன்று, பாண்டு அண்ணன் அதற்குள்தான் செத்தார்.

"பூட்டு போட்டியா?" என்றேன்.

உள்ளே இறங்குகிறவன் லைனின் மெயின் சுவிட்சை இறக்கி, தன் பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். மற்ற நாட்களில் இதில் ஒருவரும் ஏமாற்ற முடியாது.

சாம்சன் தலையைச் சொறிந்தான். "பூட்டெல்லாம் பூஜைல கீதுக்கா."

"இன்னாடா சொல்ற?"

"எல்லாத்தையும் கழுவி சந்தனம் குங்குமம் வெச்சு சாமி முன்னால அடுக்கிட்டாங்க. ஸ்பானர், பூட்டு, சாவிக்கொத்து எல்லாம். பூட்டு இல்லாம சுவிட்சை மட்டும் இறக்கக் கூடாதாம், ரூல்ஸாம். ஆரத்தி முடியாம எதையும் எடுக்கவும் கூடாதாம்."

எனக்கு உச்சி மண்டைக்கு ஏறிவிட்டது. சூப்பர்வைசர் இராமச்சந்திரனைப் பிடித்துக் கத்தினேன். பட்டு வேட்டியில் இருந்தார் மனிதர்.

"சர்வரே ஆஃப்ல கீது மேடம். நீங்களே போய்ப் பாருங்க. அணைச்ச மிஷின் எப்டி ஓடும்? போன தபாகூட நீங்கதானே எழுதிக் கொடுத்தீங்க?"

ஆமாம், நான்தான் எழுதிக் கொடுத்தேன். பாண்டு அண்ணன் செத்தபோது, அணைத்து வைத்த சர்வர் தானாக எழ வாய்ப்பு உண்டா என்று விசாரணையில் கேட்டார்கள். இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எது எப்போது நடந்தது என்று சர்வர் எழுதி வைக்கிற லாக் பதிவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அன்று எனக்கு இன்னும் இரண்டு இடத்துக்குப் போக வேண்டியிருந்தது. பாண்டுரங்கனின் கவனக்குறைவு என்று முடித்துவிட்டார்கள்.

பாண்டு அண்ணன் எனக்கு முன்னால் இந்தச் சர்வரைப் பார்த்துக்கொண்டவர். மறைமலை நகரில் தனியாக இருந்தார். ஒற்றை விரலால்தான் டைப் அடிப்பார். பவர் என்று அடிக்கும்போது மட்டும் டபிள்யூவை விட்டுவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு அழித்து, மறுபடி போடுவார். பக்கத்தில் நின்று பார்த்தால் பொறுமை போய்விடும். நான் எத்தனையோ தடவை கீபோர்டைப் பிடுங்கியிருக்கிறேன்.

"பாண்டு அண்ணன் பூஜைக்கே வரமாட்டாராம்க்கா," என்றான் சாம்சன். "ஆளுங்க டனல்ல கீற வரைக்கும் இந்த ரூமுலயே குந்திகினு எதையோ தட்டிகினே இருப்பாராம். பசங்க கலாய்ப்பாங்களாம். அந்த வருசம் ஆள் கொறைச்சல்னு அவரே உள்ள எறங்கிட்டாரு."

"சரி, சீக்கிரம் முடிச்சிட்டு வெளிய வா. பல்லைக் காட்டிகினு நிக்காத."

அவன் போனான். செல்போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் லைனுக்குள் போக வேண்டும் என்பதால் இனி அவனைக் கூப்பிட வழியில்லை. நான் சர்வரைப் பார்த்தேன். விளக்கு இல்லை, விசிறி சத்தம் இல்லை. அணைந்துதான் கிடந்தது. சரி என்று லேப்டாப்பைத் திறந்தேன்.

மோடத்தில் இருந்த நம்பர் நாலு நாலு ஏழில் முடிந்தது. பார்த்ததும் தெரிந்துவிட்டது. பாண்டு அண்ணன் வீட்டு லேண்ட்லைன். நானே எத்தனை தடவை கூப்பிட்டுச் சண்டை போட்டிருக்கிறேன். ஆபீஸ் நம்பரைப் போடாமல் தன் வீட்டு நம்பரைப் போட்டு வைத்திருக்கிறார் மனிதர் என்று நினைத்துக்கொண்டு, அழித்துப் பெங்களூர் நம்பரைப் போட்டேன். சேமித்தேன். சரி பார்க்கத் திருப்பிக் கேட்டேன்.

நாலு நாலு ஏழு.

சர்வீஸ் புராசஸருக்குள்ளும் ஒரு பிரதி இருக்கும், அது மோடத்துக்குத் திரும்ப ஊட்டுகிறது என்று புரிந்துகொண்டேன். அங்கேயும் மாற்றினேன். கீபோர்டிலிருந்தே இரண்டையும் ரீஸ்டார்ட் செய்தேன். திருப்பிக் கேட்டேன். மறுபடியும் நாலு நாலு ஏழு. மூன்றாவது தடவை எண் எண்ணாகச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே அடித்தேன். அப்போதும் அதுதான் வந்தது. வாய்க்கு வந்தபடி திட்டினேன். பிறகு என்ன தோன்றியதோ, என் செல்லிலிருந்து அந்த நம்பரைக் கூப்பிட்டுப் பார்த்தேன். இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று பதிவு செய்த குரல் மூன்று மொழியில் சொன்னது. நிம்மதியாக இருந்தது. ஏன் நிம்மதி என்று அப்போது யோசிக்கவில்லை.

பெங்களூரில் டியூட்டியில் இருந்தவன் தமிழ்வாணன், நல்ல பையன். போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தேன்.

"தம்பி, நம்பர் மாற மாட்டேங்குது. எதுக்கும் நீ ஒரு வாட்டி டயல் பண்ணு, என்ன ஆகுதுன்னு பாப்போம்."

"இருங்க மேடம், லாகின் ஆகுறேன்."

அந்த நேரம் பார்த்து ரூமில் லைட் ஒரு தடவை அணைந்து எரிந்தது. கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுத்திருக்கிறது. இந்தப் பக்கத்தில் இது நாளைக்கு நாலு தடவை நடக்கிற விஷயம். யுபிஎஸ் பேட்டரி செத்து ஒரு வருஷம் ஆகிறது என்று ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தேன். யார் கேட்டார்கள்?

மோடம் லைனை எடுத்தது. டயல் டோன் கேட்டது. பிறகு எண்கள் ஒவ்வொன்றாக ஒலித்தன.

"வந்துடுச்சு தம்பி, உன்னைத் திருப்பிக் கூப்பிடுது."

"மேடம், நான் இன்னும் டயலே பண்ணலையே."

மோடத்தின் சின்ன ஸ்பீக்கரில் அந்தப் பக்கம் மணி அடிப்பது கேட்டது. ஒன்று. இரண்டு. மூன்றாவது மணியில் யாரோ எடுத்தார்கள். கீச்சென்று மோடம் கத்த, அந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு மோடம் பதிலுக்குக் கத்தியது. இணைப்பு கிடைத்தது என்று திரையில் எழுத்து விழுந்தது. டயல் ஆன நம்பரும் விழுந்தது. உபயோகத்தில் இல்லை என்று ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் எனக்குச் சொன்ன அதே நம்பர்.

என் கை கீபோர்டில் இல்லை. மடியில் இருந்தது. திரையில் எழுத்து வர ஆரம்பித்தது.

பி. ஓ. ஈ. நின்றது. ஈ அழிந்தது. டபிள்யூ வந்தது. பிறகு ஈ, ஆர். பவர் ஆஃப்.

ஏற்கெனவே அணைந்துள்ளது என்று சர்வீஸ் புராசஸர் பதில் எழுதியது. அதன் கீழே இன்னொரு வரியும் வந்தது, நான் அதைப் படிக்கவில்லை. கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. மறுபடியும் பி, ஓ, ஈ. அழித்தல். டபிள்யூ. பவர் ஆஃப்.

எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். "எவன்டா அது? விளையாடுறியா?" என்று திரையைப் பார்த்துக் கத்தினேன். எவனோ உள்ளே நுழைந்து வேடிக்கை காட்டுகிறான் என்றே வைத்துக்கொண்டேன். நாலாவது பவர் ஆஃப் பாதியில் இருக்கும்போது டெலிபோன் ஒயரை மோடத்திலிருந்து பிடுங்கினேன்.

எழுத்து நின்றது. ரூம் அமைதியானது. அப்போதுதான் அந்த இரண்டாவது வரியைப் படித்தேன்.

கரண்ட் திரும்பியதால் சர்வர் மீண்டும் தொடங்கும். மீதம் ஐம்பத்திரண்டு விநாடி. ஐம்பத்தொன்று. ஐம்பது.

அணைத்த மிஷின் எப்படி ஓடும் என்று கேட்டாரே, இப்படித்தான் ஓடும். கரண்ட் போய் வந்தால் இந்தச் சனியன் அறுபது எண்ணிவிட்டுப் பெரியதை எழுப்பிவிடும். அந்த அமைப்பை மாற்றுகிற பாஸ்வேர்டு பாண்டு அண்ணனோடு போய்விட்டது. நான் பவர் ஆஃப் என்று அடித்தேன். எண்ணிக்கை நின்றது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள், மறந்துபோனது ஞாபகம் வந்ததுபோல மறுபடி அறுபதிலிருந்து தொடங்கியது. மறுபடி அடித்தேன். நின்றது. மறுபடி அறுபது.

பூஜை அன்று இங்கே உட்கார்ந்து எதையோ தட்டிக்கொண்டே இருப்பாராம். பையன்கள் கலாய்ப்பார்களாம். இதைத்தான் தட்டியிருக்கிறார். உள்ளே இருக்கிறவன் வெளியே வரும்வரை, ஒவ்வொரு நிமிஷமும். அவர் உள்ளே இறங்கிய அன்று இங்கே உட்கார்ந்து தட்ட ஒருத்தர் இல்லை. நான் அதைக் கவனக்குறைவு என்று எழுத வழி செய்து கொடுத்தேன். கடவுளே, எவ்வளவு பெரிய பாவம் செய்திருக்கிறேன்.

இப்போது உள்ளே என் தம்பி.

ஒரு கையால் அடித்துக்கொண்டே மறு கையால் தமிழ்வாணனின் போனை வைத்துவிட்டு இராமச்சந்திரனைக் கூப்பிட்டேன். மணி அடித்து ஓய்ந்தது. நாலு தடவை. ஆரத்தி ஆரம்பித்துவிட்டது போல, மேளச் சத்தம் இங்கே வரை கேட்டது. ஆபீஸ் நம்பரில் யாரும் இல்லை. தமிழ்வாணன் திரும்பக் கூப்பிட்டான். "என்ன மேடம், நான் உள்ள வந்து அடிக்கட்டுமா?" என்றான். அவன் எப்படி வருவான்? அவன் கூப்பிட்டாலும் மோடம் மறைமலை நகருக்குத்தானே போகும். சர்வரின் பிளக்கைப் பிடுங்கலாம் என்றால் அது பின்பக்கக் கம்பிக் கதவுக்குள் இருக்கிறது. அந்தக் கதவின் சாவியும் சந்தனம் பூசிக்கொண்டு சாமி முன்னால் இருக்கிறது.

டனலுக்கு ஓடினால் நாலு நிமிஷம். என்னிடம் இருப்பது ஒரு நிமிஷம். நான் எழுந்து போனால் அவன் செத்தான். எழுந்திருக்காமல் எத்தனை நேரம் அடிப்பேன்? அவசரத்தில் ஒரு எழுத்து தப்பாக விழுந்தது. தெரியாத ஆணை என்று பதில் வந்தது. அழித்து மறுபடி அடிப்பதற்குள் எண்ணிக்கை பதினொன்றுக்கு வந்துவிட்டது. வாய்விட்டு அழுதேன்.

மேஜை மேல் நான் பிடுங்கிப் போட்ட டெலிபோன் ஒயர் கிடந்தது.

யோசிக்க நேரம் இல்லை, நல்லவேளை. யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டேன். ஒயரை எடுத்து மோடத்தில் செருகினேன். செருகின கையை எடுப்பதற்குள் அது லைனை எடுத்தது. இந்தத் தடவை முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள். மோடங்கள் இரண்டும் கத்தி ஓய்ந்தன. நான் கீபோர்டிலிருந்து கையைத் தூக்கிக்கொண்டு திரையைப் பார்த்தேன். ஐம்பது. நாற்பத்தைந்து. நாற்பது.

முப்பத்தெட்டில் பி விழுந்தது. ஓ. ஈ. அழித்தல். டபிள்யூ.

வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த டபிள்யூவுக்காக நான் அவரைத் திட்டவில்லை.

"அண்ணே," என்றேன். "அண்ணே, சாம்சன் உள்ள கீறான். என் தம்பி. வுட்டுடாதீங்கண்ணே."

சொல்லிவிட்டு ஓடினேன்.

பூஜைக் கூட்டத்துக்குள் புகுந்தேன். கற்பூரப் புகைக்கு நடுவே, படத்தின் முன்னால் பூட்டுகள் குவியலாக, ஒவ்வொன்றின் நெற்றியிலும் குங்குமம். "மேடம், ஆரத்தி ஓடிகினு கீது!" என்று இராமச்சந்திரன் கத்தினார். ஒரு பூட்டைச் சாவியோடு அள்ளிக்கொண்டு ஓடினேன். பின்னால் என்ன திட்டினார்கள் என்று கேட்கவில்லை. மெயின் சுவிட்சின் கைப்பிடியைத் தொங்கி இழுத்து இறக்கினேன். பூட்டை மாட்டினேன். சந்தனம் ஈரமாக இருந்ததால் சாவி இரண்டு தடவை வழுக்கியது. மூன்றாவது தடவை திரும்பியது.

"சாம்சா! வெளிய வாடா!"

டனல் வாயிலிருந்து தலைமுடியெல்லாம் பெயிண்ட் தூளாக எட்டிப் பார்த்தான். "இன்னாக்கா? இன்னும் அஞ்சு நிமிசம்தான்." ஊர்ந்து வெளியே வந்தவனை எல்லார் முன்னாலும் ஓங்கி ஒரு அறை விட்டேன். பிறகு கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. கன்னத்தைத் தடவிக்கொண்டே என் முதுகில் தட்டினான்.

அவனைக் கையோடு இழுத்துக்கொண்டு சர்வர் ரூமுக்குத் திரும்பினேன். லேப்டாப் அப்படியே இருந்தது. திரை முழுக்க பவர் ஆஃப், பவர் ஆஃப் என்று வரிசையாக. எண்ணினேன். நான் போனபின் பதின்மூன்று. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பதினான்காவது வந்தது. ஒற்றை விரல் வேகம். சாம்சன் என்னையும் பார்த்தான், யாருமில்லாத கீபோர்டையும் பார்த்தான். "யாருக்கா அடிக்கிறது?" என்றான். முன்னால் குனிந்து, அந்த வரிக்குக் கீழே அடித்தேன். தம்பி வெளியே வந்துவிட்டான் அண்ணே.

தெரியாத ஆணை என்று சர்வீஸ் புராசஸர் எழுதியது. அதற்கு அவ்வளவுதான் தெரியும்.

அந்தப் பக்கம் லைனை வைத்துவிட்டார்கள். தொடர்பு அறுந்தது என்று மோடம் எழுதியது. எண்ணிக்கை நாற்பதைத் தாண்டியது. முப்பது, இருபது, பத்து. இந்தத் தடவை யாரும் நிறுத்தவில்லை. பூஜ்யத்தில் சர்வரின் விசிறிகள் ஒரே நேரத்தில் உறுமின. பச்சை விளக்குகள் எரிந்தன. கீழே லைனில், சந்தனம் பூசிய பூட்டுக்குப் பின்னால், ஹேங்கர்கள் அசையாமல் தொங்கின. சாம்சன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அன்று சாயங்காலம் லாக் பதிவு முழுவதையும் எடுத்தேன். மூன்று வருஷத்துக்கு முந்தைய பூஜை நாளும் அதில் இருந்தது. கரண்ட் வந்த நேரம், அறுபது எண்ணிய நேரம், சர்வர் எழுந்த நேரம் எல்லாம். பழைய அறிக்கை தவறு, தவறு என்னுடையது, பாண்டுரங்கன் மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று புதிதாக எழுதிக் கையெழுத்துப் போட்டு நாலு பேருக்கு அனுப்பினேன். வேலை போனால் போகட்டும் என்றுதான் அனுப்பினேன். இன்னும் போகவில்லை.

மோடம் வேலையின் படிவத்தையும் முடித்துத் தமிழ்வாணனுக்கு அனுப்பினேன். அவன் உடனே போன் செய்தான்.

"மேடம், திருப்பிக் கூப்பிடுற நம்பர்னு மறைமலை நகர் நம்பரையே எழுதியிருக்கீங்க. நான் செக் பண்ணிட்டேன். அது உபயோகத்துல இல்லாத நம்பர்."

"உபயோகத்துலதான் இருக்கு. அதை எவனும் தொடக் கூடாது," என்றேன்.